ரத்தம் ஏற்றிப் பத்து நாள் ஆகிவிட்டதே, இப்போது ஏன் மஞ்சள் காமாலை?

மும்பையில் வரிசையாக ஓரறை வீடுகள் உள்ள கட்டடத்தை சால் என்போம். எங்கள் சாலில் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில், தாராவிச் சந்துகளில் எப்போதும் நடப்பதுதான், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்போது இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். (ரத்தம் பிளாஸ்டிக் பைக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. நம் வாயில் இன்னும் பாட்டில்தான்.) ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் மருமகள் முகம் துடைத்துவிடும்போது பார்த்திருக்கிறாள், கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சளாக இருந்தது. திருநெல்வேலிக் குடும்பம். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். மகன் மாட்டுங்கா மார்க்கெட்டில் தேடிப்பிடித்து வாங்கி வந்தான். அரைத்து மோரில் கலந்து இரண்டு நாள் கொடுத்தார்கள். பதினோராம் நாள் சாயங்காலம் மருமகள் என் கதவைத் தட்டினாள். நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன் என்பது சாலில் எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா, அத்தைக்கு ஒண்ணுக்கு கடுங்காப்பி மாதிரி போகுது. எந்திரிச்சு உக்காந்தாலே மூச்சு வாங்குது."

"ரத்தம் ஏத்தி எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்ற பார்வை. ரத்தம் ஏற்றும்போது நடுக்கம் வரலாம், காய்ச்சல் வரலாம், நர்ஸ் ஓடிவந்து நிறுத்துவார், இதெல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்திருக்கிற ஆளுக்குப் பத்து நாள் கழித்து அதே ரத்தத்தால் தொந்தரவு வரும் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு வகையோடு முடிவதில்லை

ஏ, பி, ஏபி, ஓ. ஒவ்வொன்றிலும் ஆர்ஹெச் பாசிட்டிவ், ஆர்ஹெச் நெகட்டிவ். ஆக எட்டு. பள்ளிக்கூடத்தில் படித்தது இவ்வளவுதான். ஓட்டுநர் உரிமத்தில் போடுவதும் இவ்வளவுதான். அதனால் "எனக்கு ஓ பாசிட்டிவ், பையில் ஓ பாசிட்டிவ், பொருந்திவிட்டது" என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் ஒரு சிவப்பணுவின் மேல்தோலில் ஏ, பி, ஆர்ஹெச் தவிர இன்னும் பல நூறு அடையாளங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சர்க்கரையாலோ புரதத்தாலோ ஆன சின்னச் சின்ன முனைகள் அவை. ஆன்டிஜன் என்பது மருத்துவப் பெயர். இவற்றைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட ரத்த வகைக் குடும்பங்கள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. கெல், டஃபி, கிட் என்பதெல்லாம் அப்படிப்பட்ட குடும்பங்களின் பெயர்கள். முதன்முதலில் யார் ரத்தத்தில் அந்த அடையாளத்துக்கு எதிர்ப்பு கண்டுபிடிக்கப்பட்டதோ அவர்களின் குடும்பப் பெயரே வகைக்கும் பெயராகிவிட்டது. டஃபி 1950-இல் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளியிடம் தெரியவந்தது. கிட் 1951-இல் ஒரு தாயிடம்.

நம் மும்பைக்கே இந்தப் பட்டியலில் ஒரு தனி இடம் உண்டு. 1952-இல் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் ஒய்.எம். பெண்டேவும் உடனிருந்தவர்களும் ஒரு விசித்திரமான ரத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். பரிசோதித்தால் ஓ மாதிரி தெரியும், ஆனால் ஓ ரத்தத்தையே ஏற்காது. அதுதான் 'பாம்பே' வகை. அது உடனே வெடிக்கிற பிரச்சினை, நான் சொல்லவந்த தாமத வகையில் சேராது. ஆனாலும் தினமும் பரேல் ஸ்டேஷனில் இறங்கி அந்த வளாகத்தைத் தாண்டிப் போகும் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருப்பதால் இங்கே குறிப்பிடத் தோன்றியது.

நோயாளிக்கு ரத்தம் எடுக்கும்போது இந்தப் பல நூறு அடையாளங்களையும் பொருத்திப் பார்க்க முடியாது. அப்படிப் பார்த்தால் யாருக்கும் ரத்தமே கிடைக்காது. ஏ, பி, ஓ-வும் ஆர்ஹெச்-சும் பொருந்தினால் கொடுப்போம். மற்றவை பெரும்பாலும் பொருந்தாமல்தான் இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் பேருக்கு மட்டும் உடல் அந்த அந்நிய அடையாளத்தைக் கவனித்துவிடுகிறது.

உடனடி, தாமதம்: வித்தியாசம் எங்கே?

ஏ வகைக்காரருக்கு பி ரத்தம் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே ஆபத்து. காரணம், பி-க்கு எதிரான ஆன்டிபாடி அவர் உடலில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ரத்தமே ஏற்றாதவருக்கு அது எப்படி வந்தது? நம் குடலில் வாழும் கிருமிகளின் மேலும் இதே மாதிரி சர்க்கரை முனைகள் உண்டு. குழந்தைக்குச் சில மாதம் ஆகும்போதே உடல் அவற்றைப் பார்த்துப் பழகி, எதிர்ப்புப் புரதத்தைச் செய்து வைத்துக்கொள்கிறது. அந்தப் புரதம்தான் ஆன்டிபாடி. ஆகவே இங்கே எதிரி வருவதற்கு முன்பே ஆயுதம் தயார்.

கிட், டஃபி, கெல் போன்ற அடையாளங்கள் கதையே வேறு. அவற்றுக்கு எதிரான ஆன்டிபாடி நம்மிடம் பிறவியில் இல்லை. வேறொருவர் ரத்தம் உடலுக்குள் வந்தால்தான் உடல் அதைக் கற்றுக்கொள்ளும். அப்படி வருவதற்கு இரண்டு வழி. ஒன்று, ரத்தம் ஏற்றிக்கொள்வது. இன்னொன்று, பிள்ளைப்பேறு. பிரசவ நேரத்தில் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலந்துவிடும், குழந்தையின் சிவப்பணுவில் அப்பாவிடமிருந்து வந்த அடையாளங்கள் இருக்கும். ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்மாருக்குப் பிரசவமான எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போடுகிறார்களே, அந்த ஊசி உடல் இப்படிக் கற்றுக்கொள்வதைத் தடுப்பதற்காகத்தான். ஆனால் அது ஆர்ஹெச்-சின் 'டி' என்ற ஓர் அடையாளத்துக்கு மட்டும். கிட்டுக்கும் கெல்லுக்கும் அப்படி ஓர் ஊசி இல்லை.

முதல்முறை பார்க்கும்போது உடல் நிதானமாகத்தான் வேலை செய்யும். ஆன்டிபாடி உருவாக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஏற்றிய சிவப்பணுக்களில் நிறைய தம் ஆயுளை முடித்துக்கொண்டிருக்கும். அதனால் வெளியே எதுவும் தெரியாது. அப்புறம் மாதங்கள், வருடங்கள் போகப் போக அந்த ஆன்டிபாடியின் அளவும் குறைந்துகொண்டே வந்து, பரிசோதனையில் அகப்படாத நிலைக்குப் போய்விடும். கிட் வகை ஆன்டிபாடி இப்படி மறைந்துபோவதில் பெயர்பெற்றது.

மறைந்தது ஆன்டிபாடிதான். அதைச் செய்யத் தெரிந்த செல்கள் மறையவில்லை.

ஊரில் வயல் வைத்திருப்பவர்களுக்குக் கோரையைத் தெரியும். களை எடுத்துச் சுத்தமாக்கி விடுவோம், பார்த்தால் வெறும் மண் தெரியும். ஆனால் உள்ளே கிழங்கு கிடக்கும். ஒரு மழை விழுந்தால் போதும், சில நாளில் வயல் முழுக்கப் பச்சை. நினைவுச் செல்கள் அந்தக் கிழங்கு மாதிரி. ரத்த வங்கியில் நாங்கள் பார்ப்பது மேல்மண்ணை மட்டும். அதில் கோரை இல்லை என்றால் "பொருந்துகிறது" என்று எழுதிக் கொடுப்போம். அது பொய் அல்ல, அன்றைக்கு அது உண்மை. இரண்டாம் முறை ஏற்றும் ரத்தத்தில் அதே அடையாளம் இருந்தால் அதுதான் மழை. இந்தத் தடவை உடல் நிதானமாக இருப்பதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஆன்டிபாடி பெருகி வந்து, உடலில் ஓடிக்கொண்டிருக்கும் அந்நியச் சிவப்பணுக்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கிவிடும்.

இதைத்தான் ஏற்றிய ரத்தம் தாமதமாகச் சிதைவது என்கிறோம். ரத்தம் ஏற்றி இருபத்துநான்கு மணி நேரத்துக்குப் பிறகு, இருபத்தெட்டு நாளுக்குள் நடந்தால் இந்தக் கணக்கில் வரும். இருபத்தெட்டு என்ற அந்த எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குள் நடப்பது

நல்ல சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஒரு பையில் இளசும் கிழடுமாகக் கலந்து இருக்கும், ஆகவே ஏற்றியதில் நாளுக்கு நூற்றில் ஒன்று என்ற அளவில் தானாகக் குறையும். அதாவது பத்து நாளில் பெரிய மாற்றம் தெரியக் கூடாது. பெரியம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன் ஹீமோகுளோபின் 8.2. இரண்டு யூனிட்டுக்குப் பிறகு 10.1. ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஏறும் என்பது எங்கள் வாய்க்கணக்கு, அது சரியாகவே வந்திருந்தது. பதினோராம் நாள் ராத்திரி பார்த்தபோது 7.4. ஏற்றியது மொத்தமும் போய், அதற்கு மேலும் குறைந்திருந்தது. காயத்தில் கசிவு இல்லை, மலத்தில் ரத்தம் இல்லை. எங்கே போனது?

மண்ணீரலுக்குப் போனது. ஆன்டிபாடி ஒட்டிய சிவப்பணு மண்ணீரல் வழியாகப் போகும்போது அங்கே இருக்கும் விழுங்கும் செல்கள் அதைப் பிடித்துத் தின்றுவிடும். உடைந்த சிவப்பணுவிலிருந்து வரும் சிவப்பு நிறமி, பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாக மாறும். அதைக் கழித்து வெளியே அனுப்புவது கல்லீரலின் வேலை. ஒரேயடியாகச் சுமை வந்து விழுந்தால் கல்லீரல் என்ன செய்யும்? தேங்கிய பிலிருபின்தான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது.

கீழாநெல்லி கொடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கண் மஞ்சளானால் கல்லீரல் என்று நினைப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம், பல தடவை அது சரியாகவும் இருக்கும். ஆனால் இங்கே கல்லீரல் நன்றாகத்தான் இருக்கிறது. பரிசோதனைச் சீட்டிலேயே அது தெரியும். பிலிருபினில் 'இன்டைரக்ட்' என்ற வகை கூடியிருக்கும், கல்லீரல் என்சைம்கள் சரியாக இருக்கும். கூடவே எல்.டி.ஹெச். என்ற என்சைமும் கூடியிருக்கும், அது செல்கள் உடைகின்றன என்பதற்கான அடையாளம்.

கடுங்காப்பி நிறத்துக்குக் காரணம் வேறு. கிட் ஆன்டிபாடி சில சமயம் மண்ணீரல் வரைக்கும் காத்திருக்காது. ரத்தக் குழாய்க்குள்ளேயே சிவப்பணுவை உடைத்துவிடும். அப்போது வெளியே கொட்டும் சிவப்பு நிறமி சிறுநீரகம் வழியாக இறங்கி, சிறுநீர் தேநீர் அல்லது காப்பி நிறத்தில் போகும். இது வெறும் நிறப் பிரச்சினை அல்ல, சிறுநீரகமே பாதிக்கப்படலாம். அதனால்தான் அன்றைக்கு ராத்திரியே ஆட்டோ பிடித்து அழைத்துப்போகச் சொன்னேன், விடியட்டும் என்று விடவில்லை.

எல்லாருக்கும் இப்படி முற்றுவதில்லை. பலருக்குக் கொஞ்சம் காய்ச்சல், சோர்வு, ஏறிய ஹீமோகுளோபின் காரணமில்லாமல் இறங்குதல், இவ்வளவோடு போய்விடும். இன்னும் சிலருக்கு ஆன்டிபாடி மட்டும் உருவாகும், சிவப்பணு உடையாது, பரிசோதித்தால்தான் தெரியும்.

அந்தச் சின்ன அட்டை

இதை எப்படி உறுதிப்படுத்துகிறோம் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட ஆசை, ஏனென்றால் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சிவப்பணுக்கள் ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தத் தாமத வகை ஆன்டிபாடிகள் சின்னவை. ஒரு சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டாலும் பக்கத்துச் சிவப்பணுவை எட்டிப் பிடிக்க அவற்றுக்கு நீளம் போதாது. அதனால் ஒட்டியிருந்தாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. 1945-இல் இங்கிலாந்தில் கூம்ப்ஸ், மூரன்ட், ரேஸ் என்ற மூன்று பேர் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். மனித ஆன்டிபாடியையே பிடிக்கக்கூடிய இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்த்தால், அது நடுவில் பாலமாக நின்று சிவப்பணுக்களைக் கோத்துவிடும். கட்டியாகத் திரளும். கெல் வகை அடுத்த வருடமே இந்த முறையால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இன்றைக்கும் 'கூம்ப்ஸ் டெஸ்ட்' என்று சீட்டில் எழுதுகிறோம்.

முன்பு கண்ணாடிக் குழாயில் செய்ததை இப்போது பெரும்பாலும் ஜெல் கார்டில் செய்கிறோம். உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. அதில் ஆறு மெல்லிய குழல்கள், உள்ளே கண்ணாடி மாதிரி ஜெல். மேலே சிவப்பணுவை விட்டு, மெஷினில் வைத்துச் சுற்றினால், ஆன்டிபாடி ஒட்டாத சிவப்பணு ஜெல்லுக்குள் நழுவி அடியில் போய்ச் சின்னப் பொத்தான் மாதிரி உட்காரும். ஒட்டியது திரண்டு, கீழே இறங்க முடியாமல் மேலேயே சிவப்புக் கோடாக நிற்கும்.

பெரியம்மாவின் ரத்தத்தைப் பார்த்தபோது, மேலே ஒரு கோடு, கீழே ஒரு பொத்தான், இரண்டும் ஒரே குழலில். வேலைக்குப் புதிதாக வந்த பெண் தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பயந்து இன்னொரு தடவை செய்தாள். அதே விடை. தப்பே இல்லை. கீழே உட்கார்ந்தவை பெரியம்மாவின் சொந்தச் சிவப்பணுக்கள். மேலே மாட்டிக்கொண்டவை பையிலிருந்து போனவற்றில் இன்னும் உயிரோடு மிஞ்சியவை. ஒரே உடம்பில் ஓடும் இரண்டு பேரின் ரத்தம் உள்ளங்கை அகல அட்டையில் பிரிந்து நிற்பதை அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன்.

அப்புறம் அந்த ஆன்டிபாடியைச் சிவப்பணுவிலிருந்து கழற்றி எடுத்து, எந்தெந்த அடையாளம் உண்டு என்று முன்பே தெரிந்த பதினோரு வகைச் சிவப்பணுக்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தோம். எதனுடன் திரள்கிறது, எதனுடன் திரளவில்லை என்ற வரிசையை வைத்துக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது ஒன்று. ஆன்டி-ஜேகே-ஏ. கிட் குடும்பத்தில் ஜேகே-ஏ என்ற அடையாளத்துக்கு எதிரான ஆன்டிபாடி. விடை சிக்கலாக இருந்தால் அனுப்ப பரேலிலேயே ஓர் இடம் இருக்கிறது. கே.இ.எம். வளாகத்தில் உள்ள தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம். 1957-இல் ரத்த வகைகளுக்கான ஆய்வு மையமாகத் தொடங்கியது. இந்த முறை அது தேவைப்படவில்லை.

அவர் கதையை மெல்லக் கேட்டபோது காரணமும் கிடைத்தது. ஐந்து பிரசவம். அது போக, முப்பது வருடத்துக்கு முன்னால் ஊரில் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது "ஒரு பாட்டிலு ஏத்துனாவ" என்றார். எந்த ஆஸ்பத்திரி, என்ன சீட்டு, எதுவும் இல்லை. இடுப்பு ஆபரேஷனுக்கு முன் "முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்கா?" என்று யாரோ இந்தியில் கேட்டிருக்கிறார்கள். மகன் இல்லை என்றிருக்கிறான். அவனுக்கு அப்போது நாலு வயது, அவனுக்கு எப்படித் தெரியும்?

வைத்தியம்

பெரும்பாலும் பொறுத்திருந்து கவனிப்பதுதான். நன்றாக நீர் ஏற்றி, சிறுநீர் போகிறதா என்று அளந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் ஹீமோகுளோபினையும் தினமும் பார்ப்பார்கள். எதிர்ப்பு இருக்கும் அந்நியச் சிவப்பணுக்கள் தீர்ந்ததும் சிதைவு தானாக நிற்கும். மறுபடி ரத்தம் தேவைப்பட்டால் அந்த அடையாளம் இல்லாத ரத்தம்தான் கொடுக்க வேண்டும். ஜேகே-ஏ இல்லாத ரத்தம் நம் ஊரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் கிடைக்கும், ஆகவே தேடினால் கிடைத்துவிடுகிற வகைதான். பெரியம்மாவுக்கு அந்த வகையில் ஒரு பை கிடைத்தது. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

சிக்கிள் செல் நோய் (சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய்) உள்ளவர்களுக்கு மட்டும் இது மிகவும் கவனம் தேவைப்படும் விஷயம். மகாராஷ்டிராவில் நந்துர்பார், கட்சிரோலி பக்கமிருந்து வைத்தியத்துக்காக மும்பைக்கு வருகிறவர்களில் அந்த நோயாளிகள் உண்டு. அவர்களுக்குத் தாமதச் சிதைவு வந்தால் கை கால் வலி கூடும், அது நோயின் வழக்கமான வலி என்றே நினைத்துவிடுவார்கள். சிலருக்கு ஏற்றிய ரத்தத்தோடு சொந்தச் சிவப்பணுக்களும் சேர்ந்து உடையத் தொடங்கும். அந்த நிலையில் இன்னும் ரத்தம் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். குறைந்தால் ஏற்ற வேண்டும் என்ற நம் எண்ணமே அங்கே தலைகீழாகிவிடுகிறது. பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தலசீமியாக் குழந்தைகளுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க ரத்தம் வேண்டும். அவர்களுக்கு முதல் பை ஏற்றும் முன்பே ஆர்ஹெச் குடும்பத்தின் மற்ற அடையாளங்களையும் கெல்லையும் பார்த்து வைத்து, அதற்குப் பொருந்தும் ரத்தமாகக் கொடுப்பது நல்லது. ஒருமுறை ரத்தம் ஏறிவிட்டால் யாருடைய சிவப்பணு எது என்று வகை பார்ப்பதே கஷ்டமாகிவிடும்.

"என் ரத்தத்தையே எடுத்துக்கோங்க"

தாமதமாக வரும் இன்னொரு எதிர்வினையை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ரத்த வங்கி வாசலில் வாரம் ஒருமுறையாவது கேட்கிற பேச்சு: "அப்பாவுக்கு வேற யார் ரத்தமும் வேண்டாம், என் ரத்தத்தையே எடுத்துக்கோங்க. சொந்த ரத்தம்தானே ஒத்துக்கும்." அன்பில் சொல்வது. ஆனால் சொந்தக்காரர் ரத்தத்தில்தான் ஒரு தனி ஆபத்து இருக்கிறது.

ஏற்றும் ரத்தத்தில் சிவப்பணுவோடு கொஞ்சம் வெள்ளையணுவும் போகும். அந்நியருடையது என்றால் நோயாளியின் உடல் அதை அடையாளம் கண்டு அழித்துவிடும். பிள்ளையுடையது என்றால் பாதி அடையாளம் ஒத்துப்போகும், சிலரிடம் மற்றப் பாதியிலும் அந்நியமாக எதுவும் இருக்காது, அப்போது உடல் தன்னுடையது என்று நினைத்து விட்டுவைக்கலாம். ஆனால் உள்ளே போன வெள்ளையணுவுக்கு அந்த மயக்கம் இல்லை. அது குடிபுகுந்த உடம்பையே அந்நியமாகப் பார்த்துத் தோல், குடல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றையும் தாக்கத் தொடங்கும். பத்து நாள் வாக்கில் காய்ச்சல், உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு. அரிதாகத்தான் வரும். வந்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அதனால் ரத்த உறவினரின் ரத்தத்தைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், பையைக் கதிர்வீச்சில் வைத்து அந்த வெள்ளையணுக்கள் பெருக முடியாதபடி செய்த பிறகுதான் ஏற்ற வேண்டும். இருபத்தைந்து கிரே அளவுக் கதிர். எல்லா ரத்த வங்கியிலும் அந்த மெஷின் இருக்காது.

ஆகவே ரத்த வங்கியில் தாராளமாக ரத்தம் கொடுங்கள், அது யாரோ ஒருவருக்குப் போகட்டும். அப்பாவுக்கு யாரோ ஒருவருடையது வரட்டும்.

ரத்தம் ஏற்றி ஐந்து முதல் பன்னிரண்டு நாளுக்குள் பிளேட்லெட் திடீரென அடிமட்டத்துக்கு இறங்கி, தோலில் ஊதாப் புள்ளிகளும் ஈறில் ரத்தமும் வருவது இன்னொரு வகை. மிக அரிது. பெரும்பாலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வரும். இங்கேயும் பழைய நினைவுதான் காரணம், இலக்கு மட்டும் பிளேட்லெட்.

கையில் ஒரு காகிதம்

இவ்வளவும் படித்துவிட்டு ரத்தம் ஏற்றிக்கொள்ளவே யாரும் பயந்துவிடக் கூடாது. தாமதச் சிதைவு ஆயிரக்கணக்கான பைகளுக்கு ஒன்று என்ற அளவில் வருவது, வந்தாலும் கவனித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ரத்தம் தேவைப்படும் நேரத்தில் ஏற்றாமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. நான் கேட்பது இரண்டே விஷயம். ரத்தம் ஏற்றிய இருபத்தெட்டு நாளுக்குள் கண் மஞ்சள், கருத்த சிறுநீர், காரணமில்லாத காய்ச்சல், மூச்சு வாங்கும் சோர்வு, எது வந்தாலும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக "இன்ன தேதியில் ரத்தம் ஏற்றினார்கள்" என்று சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். வேறு ஆஸ்பத்திரி என்றால் அவருக்குத் தெரிய வழியே இல்லை.

அடுத்தது, ஆன்டிபாடி இருக்கிறது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருடம் போனால் அதே ரத்த வங்கியில் பரிசோதித்தாலும் அது தென்படாமல் போகலாம். ஒரு ரத்த வங்கியின் கணினியில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. சயானில் எழுதியது மாட்டுங்காவுக்கே தெரியாது, பாளையங்கோட்டைக்கு எப்படித் தெரியும்? நம்மவர்கள் வைத்தியத்துக்கு ஊருக்கும் மும்பைக்கும் மாறி மாறி அலைகிறவர்கள். நம் கையில் இருக்கும் காகிதம்தான் இரண்டு இடத்துக்கும் பொது.

பெரியம்மாவுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன். ரத்த வகை, ஆன்டி-ஜேகே-ஏ உண்டு, ஜேகே-ஏ இல்லாத ரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும், கண்டுபிடித்த தேதி. தமிழில், மராத்தியில், ஆங்கிலத்தில். மகன் லேமினேட் செய்து வந்தான். அவர் அதைச் சுருக்குப் பையில் வெற்றிலைக்கும் சில்லறைக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். அதை வேறு எங்காவது பத்திரமாக வைக்கச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் விட்டேன். அந்தப் பை அவர் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

போன தை மாதம் பேத்தி கல்யாணத்துக்கு ஊருக்குப் போன இடத்தில், மூட்டுவலிக்கு விழுங்கிய மாத்திரைகளால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிந்து, ஹீமோகுளோபின் ஆறுக்கு வந்துவிட்டது. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். சுருக்குப் பையிலிருந்து அட்டை வந்தது. அங்கே இருந்த டெக்னீஷியன் தம்பி அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவர் அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் ஆன்டிபாடி தெரியவில்லை, நோயாளி ரத்தத்தையும் பை ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் கிராஸ் மேட்ச் எல்லாப் பைக்கும் சுத்தமாகப் பொருந்தியது. "அட்டை இல்லேன்னா முதல் பையையே கொடுத்திருப்பேன் அக்கா" என்றார். ஜேகே-ஏ பார்க்கும் மருந்து அங்கே இல்லை, மதுரையிலிருந்து வரவழைத்தார்கள். ஒன்பது பையைச் சோதித்ததில் இரண்டு தேறியது. இரண்டும் ஏறியது.

மருமகள் தினமும் காலையில் வெளிச்சத்தில் உட்காரவைத்து அத்தையின் கீழிமையை இழுத்துப் பார்த்திருக்கிறாள். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். இருபத்தெட்டாம் நாள் போன் வந்தது.

"அக்கா, கண்ணு வெள்ளையாத்தான் இருக்கு."